தயிர் என்ன பாவம் செய்தது?

கிளஸ்டர் தலைவலி வந்த மனிதருக்கு முதலில் கிடைப்பது மருந்து அல்ல, பட்டியல். தயிர் கூடாது, சாக்லேட் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கூடாது, டென்ஷன் ஆகக் கூடாது. எல்லாவற்றையும் விட்ட பிறகும் வலி வந்தால்? "நீ எதையோ சரியா விடலை" என்று தீர்ப்பு வந்துவிடும். வலியும் அவருக்கே, பழியும் அவருக்கே. நல்ல நியாயம்!

இந்தப் பட்டியல் பெரும்பாலும் மைக்ரேன்காரர்களுக்குச் சொல்வதை அப்படியே எடுத்து நீட்டுவது. இரண்டும் ஒன்றல்ல. மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுக்கப் பார்ப்பார். கிளஸ்டர் வந்தவரால் உட்காரவே முடியாது. எழுந்து நடப்பார், சிலர் சுவரில் முட்டிக்கொள்வார்கள். ஒரு கண்ணைச் சுற்றி 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை குடைந்தெடுக்கும். அந்தப் பக்கத்துக் கண்ணில் நீர் வடியும், மூக்கு அடைக்கும். (மூக்கடைப்பைப் பார்த்து சைனஸ் என்று வருடக்கணக்கில் மாத்திரை தின்றவர்கள் உண்டு. பல்வலி என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.) ஒரே நாளில் 8 முறைகூட வரலாம். சில வாரங்கள், சில மாதங்கள் இப்படிக் கொத்தாக வந்துவிட்டு, பெரும்பாலானவர்களுக்குப் பல மாதம் காணாமல் போய்விடும். கொத்துத் தலைவலி என்ற பெயர் அதனால்தான்.

சரி, எதுதான் இதைத் தூண்டுகிறது? ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் கார்ல் எக்பாம் 1968ல் ஒரு சோதனையை வெளியிட்டார். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொத்து நடந்துகொண்டிருந்த காலத்தில் கொடுத்தபோது வலி வந்தது. ஓய்ந்திருந்த காலத்தில் வரவில்லை. மதுவும் அப்படியே. கொத்துக் காலத்தில் ஒரு கிளாஸ் போதும், பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி கிளம்பிவிடும். ஓய்வுக் காலத்தில் அதே மனிதர் அதே மதுவைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது.

வைக்கோல் காய்ந்திருந்தால்தான் பொறி பற்றும். வைக்கோலைக் காயவைப்பது எது? 1998ல் லண்டனில், வலி வந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் மூளையை பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உசுப்பப்பட்டிருந்தது. நம் தூக்கத்தையும் விழிப்பையும் நேரம் தவறாமல் நடத்தும் கடிகாரம் இருக்கும் இடம் அது. இந்த வலி பலருக்குத் தினமும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்து எழுப்புவதும், சிலருக்கு வருடத்தின் அதே பருவத்தில் திரும்பி வருவதும் இதோடு பொருந்திப் போகின்றன.

பட்டியல்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். தினமும் 7 மணிக்கு வலி வரும் ஒருவர், தினமும் 6 மணிக்குக் காபி குடிக்கிறார் என்று வையுங்கள். காபிதான் குற்றவாளி என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். காபியை விடுகிறார். இரண்டு வாரத்தில் கொத்து தானாக முடிகிறது. "பார்த்தியா, நான் சொன்னேன்ல!" அடுத்த வருடம் காபியே இல்லாமல் வலி திரும்பி வரும்போது சொன்னவரைக் காணோம். கடைசியாகக் கொடுத்த வைத்தியத்துக்கெல்லாம் பெயர் கிடைப்பதும் இந்த வழியில்தான்.

அப்படியானால் தூண்டுதலைத் தேடவே வேண்டாமா? வேண்டும். ஊரார் பட்டியலை வைத்து அல்ல, தன் நோட்டை வைத்துத் தேட வேண்டும். வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், தூங்கியது எப்போது, பகலில் குட்டித் தூக்கம் போட்டாரா, மது, புதிய மாத்திரை, பெயின்ட் பெட்ரோல் மாதிரி நெடி... இவ்வளவு எழுதினால் போதும். கொத்துக் காலத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். சந்தேகப்படும் பொருள் எதுவானாலும் ஒவ்வொன்றாகத்தான் விலக்கிப் பார்க்க வேண்டும், அல்லது அதன் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். 6 மணிக் காபியைக் காலை 10க்கு மாற்றியும் வலி 7க்கே வந்தால் காபி நிரபராதி. மதுவை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம், கொத்து முடியும்வரை தொடாமல் இருப்பதே புத்தி. நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நோட்டில் ஒரு தூண்டுதலும் சிக்காமல் போகலாம். அது நோயாளியின் தோல்வி அல்ல. பலருக்குக் கடிகாரமே காரணமாக இருக்கும். அந்த நோட்டோடு நரம்பியல் மருத்துவரிடம் போனால், நேரங்களைப் பார்த்தாலே அவருக்கு நோய் பாதி புரிந்துவிடும். மருந்தும் இல்லாமல் இல்லை. 2009ல் வெளியான ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஆக்சிஜன் சுவாசித்தபோது 78 சதவீத வலிகள் 15 நிமிடத்தில் அடங்கின. வெறும் காற்றுக்கு அது 20 சதவீதம்தான். கொத்து காலத்தில் வலி வராமல் தடுக்கவும் மாத்திரைகள் உண்டு.

தற்கொலைத் தலைவலி என்றே இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்படிப்பட்ட வலியில் நடுராத்திரி நடந்துகொண்டிருப்பவரிடம் "சாயங்காலம் என்ன சாப்பிட்டே?" என்று கேட்பது அக்கறை அல்ல, விசாரணை. ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் தயிர்சாதத்தையாவது நிம்மதியாகச் சாப்பிட விடுங்கள்.