வெள்ளிப் பேழை
ரவென்னாவில் கல்லா பிளாசிடியாவின் பெயரால் நிற்கும் கல்லறை மண்டபத்தின் படத்தை நேற்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருநீல விதானம் முழுக்கப் பொன் நட்சத்திரங்கள். பேரரசர் தியோடோசியஸின் மகள், ஹொனோரியஸின் தங்கை, மூன்றாம் வாலன்டினியனின் தாய் என்று ஆண்களை வைத்தே அவரை அறிமுகம் செய்கிறார்கள். விசிகோத்துகள் சிறைபிடித்ததும், அவர்களுடைய மன்னன் அதாவுல்ஃபை 414இல் அவர் மணந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. என் மனம் போய் நிற்பது பார்சிலோனாவில் இறந்த அந்தத் தம்பதியின் கைக்குழந்தையிடம். தாத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள். வெள்ளிப் பேழையில் கிடத்தி, ஊருக்கு வெளியே ஒரு சிற்றாலயத்தில் புதைத்தார்கள். அடுத்து கணவன் கொலையுண்டான். புது மன்னன் தன் குதிரைக்கு முன்னால் அவரைப் பன்னிரண்டு மைல் நடக்க வைத்தான். பிறகு மறுமணம், இரண்டு பிள்ளைகள், சிறுவனான மகனுக்காக நடத்திய ஆட்சி. இத்தனைக்கும் நடுவே அந்தப் பேழையை அவர் மறக்கவில்லை. 450இல் அதை ரோமுக்கு வரவழைத்து, புனித பேதுரு ஆலயத்தை ஒட்டிய அரச கல்லறையில் வைத்தார் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த தாய் அவர். அதே ஆண்டு நவம்பரில், அதே ரோமில், அவரும் கண்மூடினார்.