பின்னின் நிலையை எழுதி வாங்குவோம்

கேரளத்தில் 2025-26 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு ஐ.சி.டி. பாடத்தில் ரோபோட்டிக்ஸ் கட்டாயமாகியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் கள்ளிக்காடு முதல் பாறசாலை வரையுள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. அவர்கள் அடுத்துப் பழக வேண்டிய ஒன்று உண்டு: சிப்பின் எந்தப் பின் (மின் இணைப்புக் கால்) எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதைப் புரோகிராமுக்குள் புதைக்காமல், கருவியின் விவரக் கோப்பில் தனியே எழுதிவைப்பது. அரசுப் பணத்தில் வாங்கும் போர்டுகளுக்கும் இதையே விதியாக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் முதல் மாடலில் இருந்த சிப்பில், புரோகிராம் மூலம் நிலையை மாற்றக்கூடிய பின்கள் 54. ஒவ்வொன்றும் உள்ளீடாகலாம், வெளியீடாகலாம், வேறு வேலைக்கும் மாறலாம். கரண்ட் வந்த கணத்தில் 0 முதல் 8 வரையுள்ளவை மேல் மின்னழுத்தத்துக்கும், 9 முதல் 27 வரையுள்ளவை கீழ் மின்னழுத்தத்துக்கும் இழுபட்டு நிற்கும். மோட்டார் போன்றவற்றை இயக்கக் கடையில் கிடைக்கும் ரிலே (மின் சுவிட்ச்) போர்டுகள் பலவும் பின் கீழே போனால்தான் இயங்குபவை. கள்ளிக்காட்டு வாழைத் தோட்டமொன்றின் மோட்டார் அப்படியொரு ரிலேயில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம், புரோகிராம் தொடங்கும் முன்பே அந்தப் பின் கீழே போனால் மோட்டார் தானாக ஓடிவிடக்கூடும். அங்கே கை வைத்திருப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

லினக்ஸ் உலகம் இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டே கற்றது. ஏ.ஆர்.எம். வகைச் சிப்புள்ள போர்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் குவிந்ததை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் கடுமையாகக் கண்டித்தார். அதன் பிறகே போர்டின் விவரம் ‘டிவைஸ் ட்ரீ’ கோப்புகளுக்கு வேகமாக மாறியது. லினஸ் வாலெய் உருவாக்கிய பின் கன்ட்ரோல் அமைப்பும் அக்காலத்தில்தான் வந்தது. விழித்திருக்கும்போது ‘டிஃபால்ட்’, உறங்கும்போது ‘ஸ்லீப்’ என நிலைகளைப் பெயரிட்டு டிவைஸ் ட்ரீ கோப்பில் எழுதிவிட்டால், கருவியை இயக்கும் டிரைவர் நிரல் வேலையைத் தொடங்கும் முன்பே கெர்னல் பின்னைச் சரியான நிலையில் வைத்துவிடும். போர்டைச் செய்தவர் போன பிறகும், பழுது பார்ப்பவர் அந்தக் கோப்பைப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

கெர்னல் எழுவதற்கு முந்தைய நொடிகளுக்கு இந்தக் கோப்பால் என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த நொடிகளுக்குப் போர்டிலேயே ஒரு ரெசிஸ்டர் வைக்கத்தான் வேண்டும். ஆனால் ரெசிஸ்டருக்கு ஒரே நிலைதான் தெரியும். கருவி உறங்கும்போது பின் எப்படி நிற்க வேண்டும் என்பதை அது சொல்லாது. பள்ளிப் பிள்ளைகள் பழகும் அர்டுயினோ போன்ற சிறு போர்டுகளுக்கு இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு வாதம். அர்டுயினோ ஊனோ போர்டில்கூட, முதலில் பின்னுக்கு ‘ஹை’ கொடுத்துவிட்டு அதன் பிறகு வெளியீடாக்கினால் ரிலே துடிக்காது. வரிசை மாறினால் துடிக்கலாம். சிறிய சிப்புகளுக்கான ஸெஃபிர் இயங்குதளமும் டிவைஸ் ட்ரீயைத்தான் பயன்படுத்துகிறது.

திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வேகா செயலியும் ஏரிஸ் போர்டுகளும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன; இப்படிக் கேட்டு வாங்க வெளியே தேட வேண்டியதில்லை. ஆகவே பள்ளிக்கோ பஞ்சாயத்துக்கோ போர்டு வாங்கும் டெண்டரில் ஒரு வரியைச் சேருங்கள்: பின்களின் நிலை விவரக் கோப்பை மூலவடிவில் ஒப்படைக்காத போர்டுக்குப் பணம் இல்லை.