ஒரு படமும் ஓர் ஈயும்

உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஓர் ஏட்டை மட்டும் நம்பி அச்சேற்றவில்லை. பல ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கியே பாடங்களை உறுதி செய்தார். தமிழ் பயில்வோர் நன்கறிந்த இந்நெறி, ஒரு சிற்றுயிரின் பெயரைத் துணிவதற்கும் பொருந்தும்.

இன்று மாணவர் பலர் கைப்பேசியில் ஓர் ஈயைப் படமெடுத்து, உடனே அதன் இனப்பெயரைக் கூறிவிடுகின்றனர். இவ்வார்வம் பாராட்டத்தக்கதே. ஆயினும், ஒரே படத்தைக் கொண்டு பழ ஈயின் இனத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஏற்கத்தக்கதன்று என்பதே என் கருத்து.

கடலூர், சிதம்பரம் சந்தைகளுக்கு வரும் கொய்யாவையும் மாவையும் எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் இப்பழங்களைத் துளைத்து முட்டையிடும் ஈக்களுள், பாக்ட்ரோசீரா பேரினத்தைச் சேர்ந்த டார்சாலிஸ், சோனாட்டா, கரெக்டா என்னும் மூன்றும் குறிப்பிடத்தக்கவை. டார்சாலிஸின் சிறகு முன்விளிம்பில் கரும்பட்டை இடையறாது ஓடும். மற்ற இரண்டிலும் அது இடையே அற்று, நுனியில் ஒரு புள்ளியாக நிற்கும். இவ்வேறுபாட்டை மேலிருந்து எடுத்த படமே காட்டிவிடும். ஆனால் சோனாட்டாவையும் கரெக்டாவையும் பிரித்தறிய முகத்தைக் காண வேண்டும். சோனாட்டாவின் முகத்தில் இரு கரும்புள்ளிகள் தனித்தனியே இருக்கும். கரெக்டாவின் முகத்தில் அவை குறுக்கே நீண்டு ஏறத்தாழ ஒரு கோடாகும். முதுகைக் காட்டும் படத்தில் முகத்தை எங்ஙனம் காண்பது?

படம் பெரிதும் துணைசெய்யும் இடமும் உண்டு. பூசணி, பாகல் முதலியவற்றைத் தாக்கும் ஈயின் முதுகு நடுவே மஞ்சள் கோடும், சிறகின் குறுக்கு நரம்பில் புகைநிறமும் தெளிவாகத் தெரியும். இவ்வீயின் ஆண்களைக் கியூலூர் கவரும். முற்கூறிய மூன்றின் ஆண்களையோ மெத்தில் யூஜினால் கவரும். எனவே பெயர் பிழைத்தால் பொறியில் வைக்கும் மருந்தும் பிழைக்கும். உழவரின் பணமும் பருவமும் வீணாகும்.

வாணிகத்திலும் இப்பூச்சியின் இடம் சிறிதன்று. சரக்குகளில் பழ ஈக்கள் காணப்பட்டமையால், 2014 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழ இறக்குமதியைத் தடை செய்தது; 2015-இல்தான் அத்தடை நீங்கியது.

ஈயையே கையில் வைத்து ஆராய்ந்த வல்லுநர்க்கும் பெயரிடுதல் எளிதாக இருந்ததில்லை. 2003-இல் கென்யாவில் காணப்பட்ட ஈ, 2005-இல் இன்வேடன்ஸ் என்னும் புதிய இனமாகப் பெயரிடப்பட்டது. உடலமைப்பு, மரபணு, இனச்சேர்க்கை ஆகியவற்றை ஒப்புநோக்கியபின், 2015-இல் அது டார்சாலிஸே என முடிவு செய்யப்பட்டது.

ஆதலின் மாணவர் படமெடுப்பதோடு நின்றுவிடலாகாது. முதுகு, பக்கம், முகம், சிறகு ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுக்க வேண்டும். புழு விழுந்த பழத்தை மணல் பரப்பிய புட்டியிலிட்டுத் துணியால் மூடி வைத்தால், புழு மணலில் கூடாகி ஈயாக வெளிவரும். அதன் நிறம் முற்றும்வரை சில நாள் உணவளித்து, பின்னர்ச் சாராயத்தில் இட்டுப் பாதுகாத்தல் வேண்டும். பழம், ஊர், நாள் மூன்றையும் சீட்டில் எழுதுதல் இன்றியமையாதது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண்புலத்தில் பூச்சியியல் துறையும் உள்ளது. அத்தகையோரிடம் காட்டித் தெளியலாம்.

படம் ஒன்றே கிடைத்தவிடத்து, "பாக்ட்ரோசீரா, இனம் துணியப்படவில்லை" என்று எழுதுவதே நேர்மை. அவ்வளவில் நிறுத்திக்கொள்ள மாணவர்க்குக் கற்பிப்பதும் ஆசிரியர் கடமையாகும்.