மணலும் ஓலையும்

தமக்கு இல்லாத ஆற்றலை விரும்புதல் மாந்தரின் பழைய வழக்கம். சித்தர் நூல்கள் அவ்விருப்பத்தை எட்டாக வகுத்து, அட்டமா சித்தி என்று பெயரிட்டன. அணுவினும் சிறிதாதல் அணிமா. மலையினும் பெரிதாதல் மகிமா. எவரும் அசைக்கவியலா எடையுறுதல் கரிமா. பஞ்சினும் இலேசாதல் இலகிமா. வேண்டிய இடத்தையும் பொருளையும் எய்துதல் பிராப்தி. இவ்வாறே ஏனைய மூன்றும் விரியும். திருமூலரும் திருமந்திரத்தில் இவற்றை எடுத்துரைத்தார். பல்லாண்டு யோகம் பயின்றவர்க்கே இவை கைகூடும் என்பது அந்நூல்களின் துணிபு. இக்காலச் சிறுவனோ பள்ளியிலிருந்து திரும்பி, புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு, இரண்டு கட்டைவிரல்களாலேயே அவற்றுட் சிலவற்றைப் பெற்றுவிடுகிறான். கணினி விளையாட்டு அவனுக்கு அவ்வரத்தை அளிக்கிறது.

1985-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ என்னும் விளையாட்டில், மீசைக்காரனான மாரியோ ஒரு காளானைத் தீண்டியதும் ஓங்கி வளர்கிறான். மகிமா என்பது இதுவே போலும்! சுவீடன் நாட்டார் உருவாக்கி, 2011-இல் முழுமையாக வெளியிட்ட மைன்கிராஃப்ட் இன்னும் வியப்புடையது. அவ்விளையாட்டில் ஒரு கட்டி என்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டர் உடையது. ஆடுவோனின் பையில் 36 அறைகள். ஓர் அறையில் 64 கட்டிகள் அடங்கும். ஆகவே 2,304 கட்டிகளை அவன் சுமக்கலாம். அவை யாவும் பொற்கட்டிகளாயின், உண்மை உலகில் அவற்றின் எடை ஏறத்தாழ 44,000 டன் ஆகும். இத்தனையையும் சுமந்துகொண்டு அவன் ஓடுகிறான், குதிக்கிறான், ஆற்றையும் நீந்திக் கடக்கிறான். கரிமாவும் இலகிமாவும் ஒருவனிடத்தே ஒருங்கு கூடிய விந்தை இது. வேறு சில விளையாட்டுகளில், முன்பு சென்று வந்த ஊரை வரைபடத்தில் தொட்ட அளவிலேயே அங்குப் போய்ச் சேரலாம். ஒரு கவளம் உண்ட அளவிலேயே வாட்புண் ஆறிவிடும்.

இவற்றுள் ஒன்றை உண்மை வாழ்விலும் பெறலாம் என்றால் எதனைக் கேட்பாய் என்று மாணவரை வினவின், விடைகள் பலவாக வரும். கடையிலிருந்து அரிசிமூட்டை சுமந்து வருபவன் பையைக் கேட்பான். இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்கு வருபவள் வரைபடத்தைக் கேட்பாள். கணக்குத் தேர்வை எழுதிவிட்டு, விடைகளைத் தோழரோடு ஒத்துப் பார்த்தபடி வீடு திரும்புபவன் கேட்பது இரண்டும் அன்று. பிழை செய்த இடத்திற்கு முன்னே மீண்டு போய், அதனை மறுபடியும் செய்யும் ஆற்றலையே அவன் கேட்பான். அட்டமா சித்தி எட்டனுள்ளும் இவ்வாற்றல் தனியே எண்ணப்படவில்லை என்பது கருதத்தக்கது. மலையளவு வளர வேண்டும் என்று எண்ணிய பழையோர், நேற்றைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கத் துணிந்திலர்.

விளையாட்டுகளிலும் இது தொடக்கத்திலேயே அமைந்ததன்று. 1978-இல் தோன்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடுவோனுக்கு மூன்று உயிர்களை அளித்தது. அவை தீர்ந்தால் மீண்டும் காசிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1986-இல் ஜப்பானில் வெளியான செல்டா என்னும் விளையாட்டு, அடுத்த ஆண்டில் அமெரிக்காவிற்குச் சென்றபோது அதன் கேட்ரிட்ஜின் உள்ளே சிறியதொரு மின்கலம் வைக்கப்பட்டிருந்தது. விசையை அணைத்த பின்னும், ஆடுவோன் எய்திய இடத்தை அம்மின்கலம் அழியாது காத்தது. இதனையே சேமித்தல் என்பர். 2003-இல் வந்த பாரசீக இளவரசன் விளையாட்டில், பள்ளத்தில் வீழ்ந்தவன் காலத்தையே பின்னோக்கிச் செலுத்தி, வீழ்ந்த வழியே மேலேறி, மீண்டும் விளிம்பில் வந்து நிற்கிறான்!

இவ்வாற்றல் பிள்ளைகளைப் பொறுப்பற்றவர் ஆக்கும் என்று பெரியோர் பலர் கூறுவர். அக்கூற்றில் பாதியே உண்மை. ஒரு பள்ளத்தைத் தாண்ட முயன்று இருபது முறை வீழ்ந்த சிறுவனை உற்று நோக்குக. அவன் நாணுவதில்லை, அழுவதில்லை. ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் குதிக்கும் நொடியைச் சற்றே மாற்றுகிறான். இருபத்தொன்றாம் முறை தாண்டிவிடுகிறான். வகுப்பறையில் ஆசிரியர் வினவும்போது, விடை அறிந்திருந்தும் வாய் திறவாது தலைகுனிந்திருப்பவனும் அவனே. அறிவோ ஊக்கமோ அவனிடம் குறைந்துவிடவில்லை. அங்கே பிழை அழிந்துபோகிறது. இங்கே பிழை நாற்பது பேர் முன்னிலையில் நகைப்புக்கு இடமாகிறது. வேறுபாடு இவ்வளவே.

திண்ணைப் பள்ளி நடத்திய பழைய ஆசிரியர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். அரிச்சுவடி தொடங்கும் பிள்ளையிடம் அவர்கள் ஓலையையும் எழுத்தாணியையும் முதலில் தந்தாரல்லர். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் எழுதச் செய்தனர். சுழி கோணினால் உள்ளங்கையால் ஒரு தடவை தடவினால் போதும், மணல் மறந்துவிடும். பிள்ளை நூறு முறை எழுதும். நூறு முறையும் அழிக்கும். கை திருந்திய பின்னரே ஓலை வரும். ஓலையோ மறவாது. எழுத்தாணியால் கீறிய கோட்டை அதிலிருந்து எவராலும் எடுத்துவிட இயலாது. அடித்துவிட்டு மேலே எழுதினும் அடித்த வடு நிற்கும். ஏடெழுதியோர் செய்த பிழைகள் பல தலைமுறை கடந்தும் நின்றன. 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர், சுவடிகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடந்தேர வேண்டியிருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

மணலின் பயனை வானூர்தித் துறையார் பெரும் இழப்பிற்குப் பின்னரே உணர்ந்தனர். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் குடும்பத் தொழிலான இசைக்கருவி செய்தலில் பழகிய துருத்திகளையும் காற்றுக்குழாய்களையும் கொண்டு, தரையில் இருந்தபடியே சாய்ந்தும் திரும்பியும் அசையும் பொய் வானூர்தி ஒன்றை 1929-இல் அமைத்தார். முதலில் அதனை விளையாட்டுப் பொருளாகவே பலரும் கருதினர். 1934-இல் அந்நாட்டுப் படையினர் வானஞ்சல் கொண்டு செல்லும் பணியை ஏற்றனர். பனியிலும் இருளிலும் கருவிகளை மட்டுமே நோக்கிப் பறக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் வானோடிகள் பலர் மாண்டனர். அதன்பின் படையினர் லிங்கின் கருவிகள் ஆறனை விலைகொடுத்து வாங்கினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலட்சக்கணக்கானோர் அத்தகைய கருவியில் அமர்ந்து பழகினர். அதனுள் வீழ்ந்தவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவான். தேநீர் அருந்திவிட்டு மறுபடியும் ஏறி அமர்வான். மீளும் ஆற்றலை வாழ்வில் பெற முடியாத மாந்தர், அது செல்லுபடியாகும் சிறியதோர் அறையைத் தாமே கட்டிக்கொண்டனர் என்று இதனைக் கூறலாம்.

ஆயினும் வாழ்வு முழுவதும் மணலன்று. இங்கேதான் பெரியோர் கூற்றின் மற்றைப் பாதி உண்மையாகிறது. திரையில் ஊர்தியைச் சுவரில் மோதியவன் அடுத்த நொடியில் புதிய ஊர்தியோடு புறப்படுகிறான். நெடுஞ்சாலையில் தலைக்கவசமின்றி இருசக்கர ஊர்தியை விரைந்து செலுத்தும் இளைஞனுக்கு அத்தகைய அடுத்த நொடி இல்லை. நோயுற்ற தாய் அழைத்தபோது எரிந்து விழுந்த மகனும், தோழியின் மறைபொருளைப் பிறர்க்கு உரைத்துவிட்ட மாணவியும், சொல்லுமுன் இருந்த இடத்திற்குத் திரும்ப ஏங்குவர். சொல் ஓலையில் ஏறிவிட்டது. அவர்கள் செய்யக்கூடியது மன்னிப்புக் கேட்டல் ஒன்றே. மீளும் ஆற்றல் கைவந்திருப்பின், அவர்கள் மன்னிப்புக் கேட்கவும் மாட்டார். பின்னே சென்று சொல்லை மாற்றிவிடுவர். தாயும் தோழியும் ஒன்றும் அறியார். மன்னிக்கப்பட்டவர் உள்ளத்தில் பிறக்கும் நன்றியும், மன்னித்தவர் உள்ளத்தில் பிறக்கும் பெருமிதமும் அவ்வுலகில் இடம்பெறா. அவ்வுலகம் குறையற்றதாக இருக்கலாம், அன்புடையதாக இராது.

இது வயது முதிர்ந்தோர் தம் ஆறுதலுக்காகக் கூறும் சொல் என்று இளையோர் கருதக்கூடும். விளையாட்டு உலகமே இதற்குச் சான்று தருகிறது. 1980-இல் அமெரிக்க மாணவர்கள் படைத்த ரோக் என்னும் விளையாட்டில் இறந்தவன் மீள்வதில்லை. இளைப்பாறுதற்குச் சேமிக்கலாமேயன்றி, பிழையை மாற்றுதற்கு அச்சேமிப்புப் பயன்படாது. மைன்கிராஃப்டிலும் ஒரே உயிரோடு ஆடும் கடுமுறை ஒன்று உண்டு. எளிய முறை அருகிலேயே இருக்கவும், அதனை விடுத்துக் கடுமுறையைத் தாமே தேர்ந்தெடுப்போர் பலர். மீளலாம் என்ற நிலையில் அசட்டையாகக் கடந்த இருட்குகையை, மீள இயலாது என்றதும் அவர்கள் விளக்கேற்றி, அடி அளந்து கடக்கின்றனர். சதுரங்கப் போட்டியிலும் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி. அவ்விதியை நீக்குமாறு ஆட்டக்காரர் எவரும் போராடக் காணோம்.

எனவே எது மணல், எது ஓலை என்று பிரித்தறிதலே வேண்டப்படுவது. சாலையையும் சொல்லையும் மணலாகக் கருதும் பிழையை இளையோர் செய்கின்றனர். மணலாக இருக்கவேண்டியதை ஓலையாக்கும் பிழையைப் பெரியோர் செய்கின்றனர். இரண்டாவது பிழை குறைவாகவே பேசப்படுகிறது. முதன்முதல் எழுதிய கட்டுரையிலேயே சிவப்பு மையால் வட்டமிட்டு மதிப்பெண் குறைத்தல், கரும்பலகையில் தவறாகப் போட்ட கணக்கைப் பிறர் நகைக்கும்படி விட்டுவைத்தல் ஆகியன ஓலை வருமுன்னரே எழுத்தாணியைத் தருவதற்கு ஒப்பாகும். இருமுறை எழுதித் திருத்திய பின் மூன்றாம் படிக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர் ஒரு சிலர் உளர். அவர்தம் வகுப்பில் மாணவர் கை தயங்காது உயர்கிறது.

பத்தாம் வகுப்புத் தேர்வில் தவறியவர்க்கு அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு நடத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் உள்ளது. மணலைத் தடவி மீண்டும் எழுதும் வாய்ப்பை அரசே முன்வந்து அளிக்கிறது. அவ்வாய்ப்பை வீட்டார் பலர் உறவினர்க்கு மறைக்கவேண்டிய செய்தியாகக் கருதுகின்றனர். பிள்ளை பின்வாயில் வழியே தேர்வுக்குப் புறப்படுகிறது. இருபது முறை வீழ்ந்தும் விசைப்பலகையை விடாத பிள்ளையும் அதுவே என்பதை அவ்வீட்டார் நினைவுகூர்ந்து, பேருந்து நிறுத்தம் வரை உடன் சென்று வழியனுப்பினால், அப்பிள்ளை முன்வாயில் வழியே செல்லும்.