தினம் ஒரு இங்கிலீஷ்: 'பரிதாபமாக இறந்தார்'... ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'லாரி மோதி இருவர் பரிதாப பலி!'

செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு இது. தமிழில் படிக்கும்போது யாருக்கும் உறுத்தாது. இறந்தவர்கள் மேல் இரக்கம்தான் வரும். ஆனால், இதையே ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால்?

அலுவலகத்தில் ஒருவரின் அண்ணன் விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் மெயில் அனுப்பும் பொறுப்பு, புதிதாகச் சேர்ந்த இளைஞரிடம் வருகிறது. டிக்‌ஷனரி ஆப்பில் 'பரிதாபமாக' என்று தேடுகிறார். 'பிட்டிஃபுல்லி' என்று காட்டுகிறது. 'ஹி டைடு பிட்டிஃபுல்லி' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்.

அவர் மனதில் இருந்தது இரக்கம்தான். ஆனால், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அந்த வரி, 'கேவலமான நிலையில் செத்தார்' என்பதுபோலத் தொனிக்கலாம். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் கண்ணில் பட வேண்டிய வார்த்தையா அது?

இரக்கம் யார் பக்கம்?

'பிட்டி' என்றால் இரக்கம், பரிதாபம். இதிலிருந்து மூன்று வினையடைச் சொற்கள் பிறந்திருக்கின்றன. மூன்றுக்கும் தமிழில் 'பரிதாபமாக' என்றே பொருள் எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரக்கம் யார் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

1. பிட்டியிங்லி: பார்ப்பவரின் மனதில் இரக்கம். 'ஷி லுக்டு அட் ஹிம் பிட்டியிங்லி' என்றால், அவள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். இதிலும் ஒரு சின்ன முள் உண்டு. 'ஐயோ பாவம், இதுகூடத் தெரியலையே இவனுக்கு' என்று மேலே நின்று கீழே பார்க்கும் பார்வையையும் இந்தச் சொல் குறிக்கும்.

2. பிட்டியஸ்லி: கஷ்டப்படுபவர் பக்கம். மழையில் நனைந்த நாய்க்குட்டி வாசலில் நின்று முனகுகிறது. கேட்பவர் மனம் இளகுகிறது. 'த பப்பி க்ரைடு பிட்டியஸ்லி.' இதில் இளக்காரம் இல்லை. கதைகளில் அதிகம் வரும், பேச்சில் குறைவு.

3. பிட்டிஃபுல்லி: இதற்கு இரண்டு முகம். அழுகை, முனகலோடு சேர்ந்தால் பிட்டியஸ்லி போலவே உருக்கமாக இருக்கும். ஆனால், ஓர் அளவையோ தரத்தையோ சொல்லும்போது இளக்காரம் ஒட்டிக்கொள்ளும். 'ஹிஸ் சேலரி இஸ் பிட்டிஃபுல்லி ஸ்மால்' என்றால், 'இதெல்லாம் ஒரு சம்பளமா?' என்ற தொனி. கிரிக்கெட்டில் 50 ரன்னுக்குள் சுருண்ட அணியை 'பரிதாபத் தோல்வி' என்கிறோமே, அந்தப் பரிதாபத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். விபத்தில் இறந்தவருக்குப் பொருந்தாது.

நல்ல சொல்தான், தேய்ந்துவிட்டது!

பிட்டி என்ற சொல், பக்தியைக் குறிக்கும் 'பயட்டி' என்ற சொல்லோடு கூடப்பிறந்தது. இரண்டுக்கும் மூலம் 'பியெட்டாஸ்' என்ற லத்தீன் சொல். 'பிட்டிஃபுல்' என்றால் ஒரு காலத்தில் 'இரக்கம் நிறைந்த' என்று அர்த்தம். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், கடவுளின் கருணையைச் சொல்லவே இந்தச் சொல் வருகிறது. பிறகு இரக்கப்படுபவரை விட்டு, இரக்கத்துக்கு ஆளாகும் நிலைக்கு அர்த்தம் நகர்ந்தது. கடைசியில் இளக்காரமும் சேர்ந்துகொண்டது.

'பெதெட்டிக்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். மனதை உருக்குவதைக் குறித்த சொல், இன்று பெரும்பாலும் 'படுமோசம்' என்ற பொருளில் வசவாகப் பயன்படுகிறது.

அப்படியென்றால் எப்படி எழுதுவது?

விபத்து மரணத்துக்கு 'ட்ராஜிக்கலி' சரியான சொல். 'ஹி டைடு ட்ராஜிக்கலி இன் அன் ஆக்ஸிடென்ட்' என்று எழுதலாம். நோயாலோ முதுமையாலோ இறந்தவருக்கு 'சேட்லி, ஹி பாஸ்டு அவே' போதும். குடும்பத்தாரிடம் ஆறுதல் சொல்ல, 'ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்'.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. 'ஐ பிட்டி யூ' என்பது பெரும்பாலும், 'உன்னைப் பார்த்தால் பரிதாபமா இருக்கு' என்ற குத்தல். 'வாட் எ பிட்டி' என்பது, 'அடடா, போச்சே!' என்கிற அளவுக்குத்தான். மழையால் டூர் ரத்தானால் சொல்லலாம். மரணத்துக்குச் சொல்லக் கூடாது.

எழுத்திலும் ஒரு கவனம் வேண்டும். பிட்டிஃபுல்லியில், பிட்டியின் கடைசி 'ஒய்' எழுத்து 'ஐ' ஆகிவிடும்; முடிவில் இரண்டு 'எல்' வரும். பிட்டியிங்லியில் 'ஒய்' அப்படியே இருக்கும்.

நீங்களே சொல்லுங்கள்!

1. அடிபட்ட பூனை பரிதாபமாகக் கத்தியது.
2. தேர்வில் தோற்ற தோழியை அவள் பரிதாபமாகப் பார்த்தாள்.
3. ஊருக்கே ஒரே ஒரு பஸ். பரிதாபமான அளவுக்குக் குறைந்த வசதி.

விடை: 1. பிட்டியஸ்லி (பிட்டிஃபுல்லி என்றாலும் தவறில்லை). 2. பிட்டியிங்லி. 3. பிட்டிஃபுல்லி.

இலக்கணத் தவறை யாரும் மன்னித்துவிடுவார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அனுப்பும் வரி மட்டும் அவர் மனதில் நெடுநாள் நிற்கும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்!