ஒரே ஒரு கல்தானே!

அன்புள்ள குட்டீஸ்,

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் கோடை விடுமுறை விட்டதும் பல குடும்பங்கள் இப்படித்தான் கிளம்புகின்றன. அந்த வண்டிக்குப் பெயர் கேம்பர். உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஓட்ட, பிள்ளைகள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க, அரிசோனா, யூட்டா மாநிலங்களின் பாலைவனப் பூங்காக்களைச் சுற்றி வருவார்கள்.

முதலில் கிராண்ட் கேன்யன். கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையை அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு இது. நீளம் 446 கி.மீ.! சில இடங்களில் ஆழம் 1.6 கி.மீ.க்கும் அதிகம். மேலே நின்று பார்த்தால், அவ்வளவு பெரிய ஆறு ஒரு நூல் போலத் தெரியும்.

அங்கிருந்து கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் இன்னொரு அதிசயம். பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட், அதாவது கல்லாகிப் போன காடு! 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே ஆறுகள் ஓடின. சாய்ந்து விழுந்த மரங்கள் சேற்றிலும் எரிமலைச் சாம்பலிலும் புதைந்தன. சாம்பலில் இருந்த சிலிக்கா தண்ணீரில் கரைந்து மரத்துக்குள் ஊறியது. கொஞ்சம் கொஞ்சமாக மரமே கல்லாகிவிட்டது. இன்று சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பல நிறங்களில் தரையெங்கும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இங்கேதான் வருகிறது சோதனை. காலடியில் பளபளவென்று ஒரு சின்னக் கல். யாரும் பார்க்கவில்லை. ‘இவ்வளவு கிடக்கிறதே, ஒரே ஒரு கல்தானே!’ என்று நினைத்துச் சிலர் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். சட்டப்படி அது குற்றம்.

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. எடுத்துப் போனவர்களில் சிலர், பல வருடங்கள் கழித்துக்கூட, கல்லைப் பார்சல் கட்டிப் பூங்காவுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கூடவே மன்னிப்புக் கடிதம்! ‘இதை எடுத்ததிலிருந்து எங்களுக்குக் கெட்ட நேரம்’ என்று சிலர் புலம்பியிருக்கிறார்கள். கல்லுக்கு ஏது அந்தச் சக்தி? உறுத்தியது அவர்கள் மனசுதான்.

கல்தான் திரும்பி வந்துவிட்டதே, பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை! அது எந்த இடத்தில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? கண்ட இடத்தில் போட்டால் ஆராய்ச்சி செய்பவர்கள் குழம்பிப் போவார்கள். அதனால் தனியாக ஓரிடத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயரே ‘மனசாட்சிக் குவியல்’!

கல் மட்டுமல்ல, காலடியும் அப்படித்தான். யூட்டாவில் உள்ள ஆர்ச்சஸ் பூங்காவில், மண்ணின் மேல் கறுப்பாக ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து உண்டாக்கிய உயிருள்ள போர்வை அது. மணல் காற்றில் பறந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஒரு முறை மிதித்துவிட்டால், பழையபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். ‘பாதையை விட்டு இறங்காதீர்கள்’ என்று அங்கே சொல்வது இதனால்தான்.

குட்டீஸ், கல்மரம் பார்க்க அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலும் பெரிய கல்மரம் உண்டு. அடுத்த விடுமுறையில் அழைத்துப் போகச் சொல்லி அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்.

போனால், உங்களுக்கும் கை துறுதுறுக்கும். அப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். வருகிற ஒவ்வொருவரும் ‘ஒன்றே ஒன்று’ என்று எடுத்தால், நாளை உங்கள் தம்பி, தங்கை பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? ஆசை தீரப் பாருங்கள். நோட்டில் படம் வரைந்து வந்து நண்பர்களிடம் காட்டுங்கள். கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள். சரிதானே?

அன்புடன்,
ஆசிரியர்