லேகியமும் ஆண்மையும்

முருங்கைக்காயும் பூண்டும் தின்றால் ஆண்மை பெருகுமாம். அதே பூண்டு காமத்தைக் கிளப்புமென்று விதவைகளுக்கு மறுத்தவர்கள் வைதீகர்கள். ஒரே பூண்டு புருஷனுக்கு மருந்து, விதவைக்குப் பாவம்!

ஆண்மைச் சத்தாகிய டெஸ்டோஸ்டிரோனை 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் காளையின் விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஏவலால் அது விதையில் ஊறுகின்றது, கறிச்சட்டியில் அல்ல.

சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. 1960-களில் ஈரானிலும் எகிப்திலும், பெரும்பாலும் ரொட்டியையே தின்று வளர்ந்த ஏழை வாலிபர்கள் குள்ளமாய், பருவமடையாமல் நின்றார்கள். டாக்டர் ஆனந்த பிரசாத் ஆராய்ந்து, துத்தநாகக் குறைவே காரணமென்று காட்டினார். துத்தநாகம் கொடுக்கவே வளர்ந்தார்கள். அச்சத்து இறைச்சியில் நிறைய உண்டு. அதைத்தானே நம் சாஸ்திரக்காரர்கள் தாழ்ந்த உணவென்கின்றார்கள்! சோயா தின்றால் ஆண்மை போகுமென்பதும் புரளியே. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2010-இலும் 2021-இலும் அப்படியில்லையென்று கண்டார்கள். உண்மையில் குறைப்பவை மிதமிஞ்சிய குடியும் பெருத்த தொந்தியுமாகும்.

பிள்ளை இல்லாவிட்டால் புருஷன் ரகசியமாய் லேகியம் தின்கின்றான்; பெண்சாதிக்கோ மலடிப் பட்டம். அவன் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் விந்தைப் பரிசோதித்துக் கொள்ளட்டும். மருமகளை அரசமரம் சுற்ற அனுப்பும் மாமியாரும் அதுவரை பொறுத்திருக்கட்டும்.